சோறு போட்ட தெருவே கத்த வேண்டும்

எனக்குக் கத்தப் பிடிக்கும். கபடி மைதானத்தின் ஓரத்தில் நின்று எதிர் டீமைக் கிண்டல் செய்வதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று என் வீட்டுக்காரரே ஒப்புக்கொள்வார். அவர் ஒப்புக்கொள்ளும் விஷயங்கள் ரொம்பக் குறைவு.

கிண்டல் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவியில் ஆட்டம் பார்க்கிறவர்கள். மைதானத்துக்கு வந்து நின்று பாருங்கள். பிடிக்கப் போய்க் கோட்டைவிட்டவளைப் பார்த்துச் சிரிப்பது கேலி. அவள் திரும்பி முறைத்த பிறகும் விடாமல் தொடர்ந்தால் அது ஓட்டுவது. காலேஜ் பிள்ளைகள் செய்வது கலாய்ப்பது. அதில் பாதி எனக்குப் புரியாது. நக்கலுக்குச் சத்தமே வேண்டாம், உதட்டைச் சுழித்தால் போதும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இளக்காரம் வேறு. மற்றதெல்லாம் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வது, இது ஆளைப் பார்த்துச் சொல்வது. அது காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊர் சங்கராபுரம் போகிற ரோட்டில் இருக்கிறது. பொங்கல் முடிந்ததும் பெண்களுக்குக் கபடிப் போட்டி நடத்துவோம். வெளியூர் டீம்களைத் தங்க வைக்க இங்கே லாட்ஜா இருக்கிறது? தெருவுக்கு ஒரு டீம் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். எந்தத் தெரு சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்கிறதோ, அந்தத் தெரு அந்த டீமுக்காகத்தான் கத்த வேண்டும். எதிரில் நிற்பது ஊர் டீமாகவே இருந்தாலும் அப்படித்தான். சின்னசேலத்துப் பெண்களைத் தங்க வைத்த தெரு ஒருமுறை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டது. அந்தத் தெருக்காரர்களை இன்றுவரை கல்யாண வீட்டில்கூடச் சும்மா விடுவதில்லை.

அந்த வருஷம் எங்கள் தெருவுக்கு விழுந்தது கல்வராயன் மலை டீம். அதில் பாடிப் போகிறவள், அதாவது மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ சொல்லிக்கொண்டு எதிராளிகளைத் தொட்டு வரப் போகிறவள், எங்கள் வீட்டில் தங்கினாள். ஒல்லியான பெண். கால் தரையில் பாவாது. முதல் ஆட்டத்தில் அவள் போன வேகத்தைப் பார்த்து நான் துள்ளிக் குதித்தேன். இரண்டாவது ஆட்டத்தில் கூட்டத்திலிருந்து எவனோ, “மலக்காட்டுக் கொரங்கு வருது, புடிங்கடி!” என்றான். அவள் பாட்டு பட்டென்று நின்றது. நடுவர் விசில் ஊதி வெளியே அனுப்பினார். அன்றைக்கு மற்ற பெண்கள் எப்படியோ ஜெயித்துக் கொடுத்தார்கள்.

சாப்பிடும்போது கேட்டேன். “ஆட்டத்த பத்தி இன்னா வேணா சொல்லட்டும்க்கா. மலைய சொன்னா மட்டும் மூச்சு நின்னு பூடுது” என்றாள். மறுநாள் ஃபைனலுக்கு விளையாட்டு விடுதி ஒன்றிலிருந்து பயிற்சியாளர் அம்மா ஒருவர் ஆள் பார்க்க வருகிறார். அவர் தேர்ந்தெடுத்தால் விடுதியில் இடம், படிப்பு, ஆட்டம் எல்லாம் கிடைக்கும். இல்லையென்றால் அப்பா அம்மாவோடு காப்பித் தோட்டத்து வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான், பையெல்லாம் கட்டி வைத்தாயிற்று என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு இட்லி கேட்டாள். என் தட்டில் இருந்ததையும் எடுத்து அவளுக்கே வைத்தேன்.

ஃபைனலில் எதிரே நின்றது யார்? எங்கள் ஊர் டீமேதான். மைக் பிடித்திருந்தவர் என் வீட்டுக்காரர். ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்க எங்கள் தெருக்காரர்கள் தண்ணீர் குடிக்கப் போகிறேன், மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று ஒவ்வொருவராக நழுவி, ஊர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தனியாளாகக் கத்தினேன்.

பாதி ஆட்டத்தில் அதே குரல் மறுபடி கேட்டது. அவள் பாட்டு நின்றது. அவுட். கோட்டுக்கு வெளியே போய்த் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். பயிற்சியாளர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நல்ல வேளையாக மலைப் பெண்கள் எங்கள் ஊர்க்காரி ஒருத்தியை அமுக்கிப் பிடிக்க, இவள் திரும்ப உள்ளே வந்தாள். ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தார்கள். கடைசிப் பாட்டு, போவது இவள். நடுக்கோட்டில் காலை வைக்கிறாள், அந்தப் பாவி திரும்ப ஆரம்பிக்கிறான்: “கொரங்கு வருது, கொரங்கு!” அவள் கால் தயங்கியது.

போட்டிருந்த நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டேன்.

“டேய்! அவ என் வூட்டுப் பொண்ணு! அவ ஓடலன்னா என் வூட்டு இட்லிய சொல்லு. மலைய சொன்ன, மூஞ்சி பேந்துடும்!”

எங்கிருந்தோ ஒரு பொம்பளைக் குரல், “ஆமா ஆமா, அது இட்லியா? கல்லு!” அவ்வளவுதான். மொத்த ஊரும் என் பக்கம் திரும்பிவிட்டது. “கல்லு இட்லி! கல்லு இட்லி!” என்று கைதட்டிக் கத்துகிறார்கள். என் வீட்டுக்காரர் வேறு மைக்கில், “கல்யாணம் ஆன நாள்லருந்து நான் தின்னுக்கினு கீறேன், நான் எங்கனா ஓடிக் கீறனா?” என்கிறார். சிரிப்பில் பந்தல் ஆடியது. அந்த மனுஷனுக்கு நான் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் என் கண் அவளை விட்டு நகரவில்லை.

அவள் உள்ளே போய்விட்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஓரத்தில் நின்றவளைக் காலால் தொட்டாள், திரும்பும்போது இன்னொருத்தியைக் கையால் தட்டினாள். மூன்று பேர் பாய்ந்து இடுப்பையும் காலையும் கவ்விக்கொண்டார்கள். புழுதி. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டது. விசில்! இரண்டு பாயிண்ட், மலை டீம் ஜெயித்துவிட்டது!

நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினேனோ, ஓடினேன். அதற்குள் பயிற்சியாளர் அம்மா அவளைத் தனியே அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கும்போது விடுதிக்கு வந்துவிடு என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள். கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன், கூச்சமே இல்லாமல்.

கலைந்து போகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள், “இன்னாக்கா, எல்லாரும் கல்லு இட்லின்னு சொல்லிக்கினு போறாங்க?”

“உனுக்குக் கேக்கலயா? அவ்ளோ கத்துனேனே!”

“அந்தாளு கத்துனது கேட்டுச்சுங்கக்கா. நீங்க ஏறி நின்னத பாத்தேன். அப்பறம் ஒண்ணுமே கேக்கல.”