இறங்குவதற்கு இரண்டு டயர்

தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த மாணிக்கவாசகம், ஆறு வருடமாகப் பாடுபட்டு ஒரு சின்ன விமானத்தைத் தானே கட்டியிருந்தார். அதில் மாட்டியிருந்த ஸ்கூட்டர் டயர்கள் தரையில் ஓட்டிப் பார்த்ததிலேயே தேய்ந்துவிட்டன. டயர்க்கடை நாகராஜ் புதுசென்று நீட்டிய டயரை மாணிக்கவாசகம் வாங்கி, துணியைப் பார்ப்பதுபோல் உட்புறம் தடவினார். ஒட்டுப் போட்ட இடம் விரலில் தட்டியது.

"கிழிசலை ஒட்டி, மேல ரப்பர் பூசிப் புதுசுன்னு விக்கிறீங்களே?"

"மேல பறக்கறதுக்கு டயர் இன்னாத்துக்கு நைனா?"

"இறங்க வேண்டாமா? இதை உங்க ஸ்கூட்டர்ல மாட்டி, வீட்டுக்காரம்மாவைப் பின்னால உட்கார வச்சு, கிண்டி வரைக்கும் எழுபதுல போயிட்டு வாங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்."

நாகராஜ் உள்ளே போய், காகிதம் பிரிக்காத இரண்டு டயர்களைக் கொண்டுவந்தார்.

இவ்வளவு நேரமும் இவை உள்ளேதான் இருந்திருக்கின்றன. தடவிப் பார்க்கத் தெரியாதவன் விழுந்து சாகட்டும் என்றுதானே அர்த்தம்? மாணிக்கவாசகம் டயர்களை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்ல மனம் வரவில்லை.