பாதி மிச்சமிருந்த மருந்து

பழுப்புக் கண்ணாடிப் புட்டி, ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக்குழாய். தாய்மாமா இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியில் கிடைத்தது. இப்போது என் மேஜையில் இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நான் சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை அன்றைக்கே யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். மாமா பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு இடது கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே நீர் கொட்டியது. சாதாரணக் கண்வலி என்று பத்து நாள் தாய்ப்பால் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடலூரில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அழற்சி கண்ணுக்கு உள்ளே என்றார் அவர். வீக்கம் வற்ற ஒரு சொட்டு மருந்து; கண்மணியை விரித்து வைக்க இன்னொன்று, இந்தப் பழுப்புப் புட்டியில். விரியாவிட்டால் கண்மணியின் ஓரம் பின்னாலிருக்கும் லென்ஸில் ஒட்டிக்கொள்ளுமாம். "சிவப்பு போனாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது." திரும்பும் பஸ்ஸில் அதையெல்லாம் டிக்கெட்டின் பின்புறம் படம் போட்டு மாமாவுக்கு விளக்கினேன்.

ஒரே வாரத்தில் சிவப்பு போனது. சனிக்கிழமை நான் போனபோது மாமா கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இத்த ஊத்துனா ஒரு கண்ணு ஒண்ணு காட்டுது, இன்னொண்ணு வேற காட்டுது மாப்ள. முடிச்சே போட முடியல. இறா சீசனு வேற. நிறுத்திடட்டுமா? நீதான படிச்சவன், சொல்லு."

டாக்டரைப் போலவே இமையை விலக்கிப் பார்த்தேன். வெள்ளை விழி பளிச்சென்றிருந்தது.

"வீக்கம் போயிடுச்சு மாமா. இனிமே மருந்துக்கு என்ன வேலை? ரெண்டையும் நிறுத்திடுங்க."

"பாருடி, வூட்டுலயே டாக்டர வச்சிக்கிட்டு கடலூருக்கு பஸ் ஏறியிருக்கோம்!" என்று அத்தையைக் கூப்பிட்டுச் சிரித்தார்.

நிறுத்திய மூன்றாவது வாரம் வலி தலைக்கு ஏறியது. மறுபடி கடலூர். டாக்டர் டார்ச் அடித்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய கண்மணி கசங்கிய இலைபோலக் கோணிக் கிடந்தது. ஒட்டிவிட்டது.

"யாருய்யா நிறுத்தச் சொன்னது?"



"நானேதான் டாக்டர். வலை பாக்க முடியலன்னு நிறுத்திட்டேன்" என்றார் மாமா, என் பக்கம் திரும்பாமலே.

அந்தக் கண்ணில் பிறகு நிழல்தான். கடைசிவரை என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டார், ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. டாக்டரு என்ற கேலி மட்டும் நின்றுபோனது.

புட்டியை அவர் ஏன் எறியவில்லை என்று தெரியாது. ரப்பர் இறுகிவிட்டது. மருந்து எப்போதோ காய்ந்து, பாதி உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் அவர் கண்ணுக்குள் போயிருக்க வேண்டியது.