அட்டையில் மூன்றாவது பெயர்

கத்தோலிக்கக் குருமாரை உருவாக்கும் குருமடத்திலிருந்து வந்த கடிதத்தில், மாணவன் கொண்டுவர வேண்டிய பொருட்களுக்குக் கீழே மாதாமாதம் கட்ட வேண்டிய தொகையும் எழுதியிருந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் காசு இல்லை என்பது சுவாமிமாருக்கும் தெரியும். அதனால் காசுக்குப் பதிலாக அரிசியும் தரலாம் என்று அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த வரியை நம்பித்தான் என் மகனை அனுப்பினேன்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்து மல்லாவிப் பக்கம் கொட்டில் போட்டிருந்தோம். என் கணவர் கடலைத் தவிர வேறு தொழில் அறியாதவர். வயலில் கூலிக்குப் போனால், நாற்றை மிதிக்கிறார் என்று பாதிக் கூலியோடு அனுப்பிவிடுவார்கள். நான் தொண்டர் ஆசிரியை. சம்பளம் என்று எதுவும் இல்லை, எப்போதாவது ஒரு கொடுப்பனவு வரும். தவறாமல் வந்தது நிவாரண அட்டைக்கான அரிசி மட்டும்தான். அட்டையில் நான்கு பெயர்கள்: அவர், நான், மகன், மகள். தலைக்கு இவ்வளவு என்று சங்கக்கடையில் நிறுத்துத் தருவார்கள். மகனுடைய பங்கைத் தனியாக மா பையில் கட்டி, சைக்கிள் கரியலில் வைத்து, இரண்டு மணித்தியாலம் மிதித்துக் குருமடத்தில் கொடுத்துவிட்டு வருவேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே நிவாரணம் என்பது சட்டம். அவனுடைய அரிசியை அவன்தானே சாப்பிடுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவனுக்கு உண்மையாகவே குருவாகும் அழைத்தல் இருந்தது. கரையில் வலை இழுத்து முடிந்ததும் கோயிலுக்குரிய பங்கு மீனைச் சுமந்து போவது அவன் வேலை. கூடையிலிருந்து ஒரு மீன் விழுந்தாலும் மணலில் திரும்பி நடந்து தேடி எடுப்பான். பதினாறு வயதில், அவனோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டை விட்டு இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அவன் குருமடத்துக்குப் போகக் கேட்டான். எனக்கு அது கடவுள் கொடுத்த பதுங்குகுழி போல இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

சங்கக்கடை வரிசையில் பெண்கள் சும்மா விடமாட்டார்கள்.

"வழி விடுங்கோ, சாமியாரின்ர அம்மா வாறா."

"அவாக்கென்ன, மகன் அங்க பூசைச் சாப்பாடு, இஞ்ச அட்டைச் சாப்பாடு. ரெண்டு வயிறு!"

நானும் சிரித்துவிட்டு நிற்பேன். அவர்களில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை, கிராம அலுவலரான விதானையார் அறிவித்தல் ஒட்டினார்: வெள்ளிக்கிழமை அட்டைப் பதிவு, பெயருள்ள எல்லோரும் நேரில் நிற்க வேண்டும், நிற்காதவரின் பெயர் வெட்டப்படும்.

பெயர் வெட்டுப்பட்டால் அரிசி இல்லை. அரிசி இல்லையென்றால் குருமடம் இல்லை. வெள்ளிக்கிழமை விடியவே புறப்பட்டேன்.

குருமடத்தில் அது மௌனத் தியான வாரம். வீட்டார் வந்து பார்ப்பதே தடை. அதிபர் சுவாமி வாசலுக்கு வந்து, என்னம்மா இந்த நேரத்தில் என்று கேட்டார். அட்டைக்காக என்று சொல்ல வாய் வரவில்லை.

"தேப்பனுக்குக் கடும் சுகமில்லை, சுவாமி. மகனைப் பாக்கோணும் எண்டு நிக்கிறார்."

அவர் உடனே உள்ளே ஆளனுப்பினார். மகன் ஓடி வந்தான்.

"அப்பாவுக்கு என்னணை?"

"காய்ச்சல். ஏறு, போவம்."

வெளியே வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சொன்னால் அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நேரே அதிபரிடம் போவான் என்று தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு கரியலில் இருந்தேன். கிரவல் வீதியில் அவன் எழுந்து நின்று மிதித்தான். முதுகு முழுக்க வியர்வை. ஏதோ முணுமுணுத்தபடியே வந்தான். செபமாலை சொல்கிறான் என்று நினைத்தேன். இரண்டு மணித்தியாலம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். நான் படித்தவள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள்.

பாடசாலை மரத்தடியில் பதிவு நடந்துகொண்டிருந்தது. என் கணவர் மகளோடு வந்து, வெற்றிலை போட்டபடி யாரோடோ பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மகன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தான்.

"என்னடா, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்?" என்றார் அவர்.

மகன் திரும்பி என்னைப் பார்த்தான். அதற்குள் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"தம்பி, நீர் குருமடத்தில எண்டு ஒரு கதை வந்தது," என்றார் விதானையார்.

"நிண்டனான், சேர். இனிப் போகேல்லை. வீட்டிலதான்."

வரிசையில் யாரோ இருமினார்கள். விதானையார் சரி போட்டார். எனக்காகப் பொய் சொல்லிவிட்டான் என்று மனம் குளிர்ந்தது. அதை எழுத இப்போது கை கூசுகிறது.

கொட்டிலுக்கு வந்ததும், சாப்பிட்டுவிட்டு இருட்டுமுன் போய்விடு என்றேன்.

"நான் பொய் சொல்லேல்லையணை," என்றான். "வரேக்க நேர்த்தி வைச்சனான். அப்பா உயிரோட இருந்தா குருமடத்தை விட்டிட்டு வந்து வீட்டைப் பாக்கிறன் எண்டு. வேற குடுக்க என்னட்ட ஒண்டும் இல்லை."

அவனுடைய அப்பா கொட்டிலின் கப்புக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய்யில் வைத்த நேர்த்தி செல்லாது என்று நான் கத்தினேன்.

"உங்களுக்குப் பொய். நான் உண்மையாத்தானே கேட்டனான்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதிபர் சுவாமி நினைச்சா அவிழ்த்து விடலாம். நீங்க நடந்ததைச் சொல்லிக் கேளுங்கோ, அம்மா," என்றான்.

போக விரும்பினான். அதை என் காதால் கேட்டேன்.

மறுநாளே போனேன், அந்த மாத அரிசியையும் கட்டிக்கொண்டு. அதிபர் என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார்.

"இப்ப எப்பிடி இருக்கிறார்? பிள்ளையள் எல்லாரும் அவருக்காகத்தான் செபமாலை சொல்லுகினம். நேற்று முழந்தாளில நிண்டு சொன்னவை."

மண்டபத்துக்குள் பெடியன்கள் வரிசையாகப் போவது தெரிந்தது. வெறுங்கால்கள், தோய்த்துத் தோய்த்துப் பழுத்த வெள்ளைச் சேர்ட்டுகள்.

"இன்னும் எழும்பேல்லை, சுவாமி," என்றேன்.

"அப்ப மகன் பக்கத்தில நிக்கட்டும். தவணை முடியுமட்டும் அவற்ர இடத்தை வைச்சிருக்கிறம்." அரிசிப் பையை என் கையிலேயே திருப்பித் தந்தார். "வருத்தக்காரர் இருக்கிற வீடு. இதைக் கொண்டு போங்கோ. படிப்புக் காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, அதை நாங்கள் பாப்பம்."

வாசலைத் தாண்டி வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போய் ஒரு வசனம் சொன்னால் போதும். போகவில்லை. அந்தப் பிள்ளைகளின் முழங்கால்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் அப்போது யோசித்தேன். உண்மையில், அந்த மனிதர் என்னை வேறு கண்ணால் பார்ப்பாரே என்ற பயம்தான்.

மகன் கொட்டிலுக்குத் திரும்பும் ஒழுங்கை முனை வரைக்கும் வந்து காத்து நின்றான்.

"கண்டனீங்களோ?"

"ஓம், கண்டனான். நேர்த்தி நேர்த்திதானாம். அவிழ்க்க ஏலாதாம்."

அவன் கரியலில் இருந்த பையைப் பார்த்தான். அரிசியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது என்று எடுத்திருப்பான். நான் விளக்கவில்லை. "அப்பிடித்தான் சொல்லுவார் எண்டு எனக்கும் தெரியும்," என்று பையை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அடுத்த கிழமை தகப்பனோடு கூலிக்குப் போனான்.

தவணை முடியும்வரை ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போவேன் என்றிருந்தேன். கடைசியில், நெடுங்கேணிப் பக்கமிருந்து வந்த, என்னை யாரென்று தெரியாத ஒரு சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் என்றேன்.

"எத்தினை தரம்?"

"நாலு தரம், சுவாமி."

யாரிடம், என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொல்லி, பாவம் தீர்த்து அனுப்பிவிட்டார். மகன் கோயிலுக்கு வெளியே சைக்கிளோடு நின்றிருந்தான். மண்வெட்டி பிடித்துக் கொப்பளித்த கையைச் சேர்ட்டில் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதோ, அம்மா?" என்று கேட்டான். முடிந்தது என்று சொல்லிக் கரியலில் ஏறிக்கொண்டேன்.