முழங்கைக்கு ஏற்ற ஆளிகள்

ஊரார் சுவிச் என்று சொல்வதை நான் ஆளி என்றே சொல்வேன். மன்னாரில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகவியல் கற்பித்தவன் வேறு எப்படிச் சொல்வான்? உப்புக் காற்றில் எங்கள் வீட்டு ஆளிகளின் திருகாணிகள் பச்சை பூத்து, ஒவ்வொன்றாக இறுகிப்போயின. எல்லாவற்றையும் மாற்றத் தீர்மானித்தேன். மின்சாரம் தொடர்பான காரியத்தில் என் தெரிவை நாலு பேர் பார்த்துப் பின்பற்றுவார்கள் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

"குசினிக்கு எடுக்கிறதெண்டா என்னையும் ஒருக்காக் கேளுங்கோ" என்று மனைவி சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை.

கடைக்காரர் என் பழைய மாணவர். உள்ளங்கையளவு பெரிய ஆளியொன்றை மேசையில் வைத்து, "சேர், இதை எடுங்கோவன். வயசாக்களுக்கு இதுதான் லேசு" என்றார்.

"வயசாக்கள் ஆரும் வந்தால் அவையளுக்குக் காட்டும். எனக்கு அந்த ஆறு உள்ள தட்டைத் தாரும்."

ஒரே தட்டில் நெருங்கி அமைந்த ஆறு மெல்லிய ஆளிகள். வயறிங் வேலை செய்யும் பாஸ் அதைக் குசினிச் சுவரில் பொருத்திவிட்டு, "நல்ல வடிவு, சேர்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அன்று பொழுதுபடும் நேரம் மனைவி தாழ்வுபாட்டுக் கரையிலிருந்து வந்த ஓரா மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துக் குசினிகளில் மீன் வெட்டும் பெண்கள் விளக்கை முழங்கையால்தான் போடுவார்கள். அவளும் முழங்கையால் ஓர் இடி இடித்தாள். குசினி விளக்கு, பின்வாசல் விளக்கு, படலை விளக்கு எல்லாம் ஒருங்கே எரிந்தன; காற்றாடியும் சுழன்றது. வாசல் படலையடியில் படுத்திருந்த ஊர்க் கழுதைகள் இரண்டு எழுந்து நின்று வீட்டைப் பார்த்தன.

"என்னப்பா இது, பெருநாளோ?" என்றாள்.

"விரலால் போட்டால் ஒன்றுதான் எரியும்."

"கை மீன்."

அது நியாயமான பதில். ஆனால் கையைக் கழுவி, துவாயில் துடைத்த பின்பும் அவள் அணைப்பதற்கு முழங்கையையே கொண்டுபோனாள். நான் எழுந்துசென்று அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சென்ற மாரியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு மூட்டுகள் வீங்கியபடியே இருந்திருக்கின்றன. ஆட்காட்டி விரலால் ஒரு பொத்தானைத்தானும் அழுத்த அவளுக்கு வலு இல்லை. ஒரே மேசையில் சாப்பிடும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். "கொழும்புக்கு ஏத்திப்போடுவாள்."

கொழும்பில் இருக்கும் எங்கள் ஒரே மகளோடு செய்துகொண்ட உடன்பாடு அது: இருவரில் ஒருவருக்கு இயலாமல் வந்தாலும் இருவரும் மன்னார்த் தீவை விட்டு அவளிடம் போய்விட வேண்டும். மனைவிக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனமில்லை. எனக்கும் இல்லை, கேட்டால்தான் சொல்வேன்.

மறுநாள் காலை, வாங்கிய பொருளை வாழ்நாளில் முதல் தடவையாகக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். தட்டில் பாஸின் திருகாணித் தடம் இருந்தது. கோவிலுக்கு வரும் இருவர் அங்கே ஆணி வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன சேர், பழுதோ?"

"தட்டில் ஒரு பழுதும் இல்லை. என் விரல்கள் முன்னைப்போல் இல்லை. நீர் காட்டிய பெரியவற்றில் ஆறு தாரும்."

அவர் ஆறையும் தூசு தட்டி எடுத்துத் தந்தார். கேலி செய்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அதன் பின் நடந்ததை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. மாலைப் பூசைக்குப் போனபோது கோவில் படியில் ஒருவர் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். பழைய மாணவர்கள் தைலம் கொண்டுவந்தார்கள். ஒருவர் என் சேட்டுப் பொத்தானைப் பூட்டிவிடவும் முன்வந்தார். மனைவி உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாங்கி வையுங்கோ, எனக்கு உதவும்" என்றாள். அந்தத் தைலத்தைத்தான் நான் அவள் மூட்டுகளுக்குப் பூசி வருகிறேன்.

ஞாயிறன்று மகள் அழைத்தாள்.

"அப்பா, உங்களுக்குக் கை ஏலாதாம். ஊரே கதைக்குது, எனக்குத்தான் தெரியாது. வாற கிழமை வாகனம் அனுப்புறன். பேசினதைப் பேசினபடி செய்வம்."

பொய்யென்று சொன்னால் மனைவியைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். மெய்யென்றால் வீட்டைப் பூட்ட வேண்டும். நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். மனைவி குசினியிலிருந்து வந்து தொலைபேசியை இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்துக்கொண்டாள்; மகளின் குரல் எனக்கும் கேட்டது.

"அவற்ர கையில ஒரு குறையும் இல்லை, பிள்ளை. எனக்குத்தான் ஏலாது. மாரிக் காய்ச்சலுக்குப் பிறகு."

"அம்மா! அப்ப கட்டாயம் வரத்தானே வேணும்?"

"வந்து? உன்ர வீட்டுச் சுவிச்சுகள் கண்ணாடியில வைச்ச பொட்டு மாதிரிச் சின்னனாக் கிடக்குது. போன முறை உன்ர குளியலறைக்குள்ள லைற் போட ஏலாமல் இருட்டில நிண்டு முகம் கழுவினனான். உன்னைக் கூப்பிட வெக்கமாக் கிடந்தது. இஞ்ச நான் ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்லை."

சொல்லிக்கொண்டே குசினி வாசலுக்குப் போய் முழங்கையால் ஆளியை அழுத்தினாள். 'டக்' என்றது.

"அது என்ன சத்தம்?"

"குசினி லைற்."

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். பிறகு குரலைச் செருமிக்கொண்டு, "அப்பா, அந்தச் சுவிச் எவ்வளவு அகலம்? அளந்து சொல்லுங்கோ. அம்மா வந்து நிக்கிற அறைக்கும் குளியலறைக்கும் அதையே போடுறன். வாகனத்தைப் பிறகு பாப்பம்" என்றாள்.

அலுமாரியிலிருந்து அளவுகோலை எடுத்தேன். மனைவி தொலைபேசியை என் காதோடு பிடித்திருக்க, அகலத்தையும் உயரத்தையும் மில்லிமீற்றரில் இரு தடவை அளந்து சொன்னேன்.