புறங்கையில் உருகாத சாக்லேட்

எங்கள் ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு எதிரே இருந்த மளிகைக் கடையில் பதினெட்டு வருடங்கள் நான் ஒரு பொய் சொல்லிவந்தேன். சம்பள நாள் சாயங்காலம் போய் ஒரு சாக்லேட் கேட்பேன். பச்சைக் காகிதம் சுற்றிய பெரிய பட்டை. கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டே, “மக்களிகா சார்?” என்பார். பிள்ளைகளுக்கா என்று கன்னடத்தில் கேட்கிறார். “ஹௌது” என்று தலையாட்டிவிட்டு சைக்கிளை எடுப்பேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாக்லேட்டைத் தின்றது நான்தான்.

மீசை வைத்த ஆண்பிள்ளை பீடி குடித்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சாக்லேட் தின்றால் சிரிப்பார்கள். நான் நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவன். கூட வேலை செய்கிறவர்களுக்கு எனக்குப் பிள்ளை இல்லை என்பது தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது. அதனால் கூட்டம் கலைந்த பிறகே கடைக்குப் போவேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தி, ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். மெல்ல மாட்டேன். அது தானாக உருகி இறங்கும். நாள் முழுக்க இரும்புத் தூளைச் சுவாசித்தவனுக்கு அந்தப் பத்து நிமிஷம் போதும்.

ஒருமுறை கடைக்காரர், “பெரியவன் என்ன படிக்கறான்?” என்று கேட்டுவிட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: ஏழாவது. அப்புறம் அந்த இல்லாத பையனை மேல் வகுப்புக்கு அனுப்ப மறந்துபோனேன். மூன்றாவது வருடமும் கேட்டார். மூன்றாவது வருடமும் ஏழாவது என்றேன்.

“ஃபெயிலா சார்? பாவம், அடிக்காதீங்க” என்று சொல்லி, அவனுக்காக இரண்டு பெப்பர்மின்ட் சேர்த்துக் கொடுத்தார்.

மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் மாறி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நல்ல வெயில் காலம். அந்த நாட்களில் ஏரிக்கரை போய்ச் சேர்வதற்குள் சட்டைப் பையில் சாக்லேட் குழைந்துவிடும். அன்று விறைப்பாக இருந்தது. முதலில் சந்தோஷப்பட்டேன். வாயில் போட்டேன். உருகவில்லை. மெழுகுவர்த்தித் துண்டு போல உட்கார்ந்திருந்தது. மென்றபோது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தும் அந்தப் பிசுக்கு போகவில்லை.

என் நாக்குத்தான் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அதே மெழுகு. டூல் பெட்டிக்கு அடியில் பழைய சாக்லேட் காகிதங்கள் கிடந்தன. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். பழையதில் கோகோ வெண்ணெய் என்று இருந்த இடத்தில், புதியதில் தாவரக் கொழுப்பு என்று இருந்தது. மற்றபடி அதே பச்சை, அதே பெயர்.

இதை இன்னொருவர் தின்று பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இருந்தது மனைவி ஒருத்திதான். துண்டை அவளிடம் நீட்டினேன்.

“இது… நான் எப்பவாவது வாங்கறது.”

“எப்பவாவதா?” என்றாள். “ஏனுங்க, இருவது வருசமா சட்டைப் பையில அந்த வாசம். தொவைக்கறது ஆரு?”

அவள் கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வீட்டில் எருமை இருந்தது. கடையில் நெய் வாங்கினால் புறங்கையில் தேய்த்து மோந்து பார்க்காமல் வாங்க மாட்டாள். நல்ல நெய் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். வனஸ்பதி கலந்தால் திப்பி திப்பியாக நிற்கும். சாக்லேட்டையும் அப்படியே தேய்த்தாள். நின்றது.

“வனஸ்பதி. உங்களை ஏமாத்திப் போட்டான்” என்றாள். பிறகு கேட்டாள்: “கடைக்காரங்ககிட்ட ஆருக்குன்னு சொல்லி வாங்குனீங்க?”

சொன்னேன். ஏழாவது வகுப்பையும் சொன்னேன். புறங்கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு சிரித்தாள். “மூணு வருசமாவா? பையனைப் படிக்க வெக்கற லட்சணமா இது?” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததால்தானா என்று நான் கேட்கவில்லை.

சாக்லேட் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. வெயிலில் உருகாமல் இருப்பதற்காகவே மாற்றினார்களாம். குழந்தைகள் எல்லா ஊரிலும் விரும்பிச் சாப்பிடுகிறார்களாம். என் குழந்தைகளுக்கு அன்பளிப்பாக இரண்டு பட்டைகளும் வைத்திருந்தார்கள்.

என் குழந்தைகள் என்று நான் எழுதவே இல்லை. அவர்களாக எடுத்துக்கொண்டார்கள்.

சம்பள நாளில் கம்பெனி ஆள் ஆர்டர் எடுக்க அந்தக் கடைக்கு வருவார். கூட்டம் கலையும்வரை இருக்க மாட்டார். அதனால் அந்த மாதம் சங்கு ஊதியதும் எல்லாரோடும் சேர்ந்து கடைக்குள் போனேன். இரண்டு பட்டைகளையும் அவர் முன்னால் வைத்தேன்.

“இது வேண்டாம். பழைய சாக்லேட் வேணும்.”

“சார், இப்ப உருகறதே இல்லைன்னு எல்லாருக்கும் சந்தோஷம். உங்க பசங்க என்ன சொல்றாங்க?” என்றார் கம்பெனி ஆள்.

என் பின்னால் இருபது பேர் நின்றிருந்தார்கள்.

“எனக்குப் பசங்க கிடையாது. பதினெட்டு வருஷமா இதைத் தின்னது நான்தான்.”

“அடேங்கப்பா, மீசை வெச்ச பாப்பா!” என்றது ஒரு குரல். என் பக்கத்து பெஞ்சில் வேலை செய்கிற ஃபிட்டர் என் தோளைத் தட்டினார். “ராஜ்யத்தோட பேரையே மாத்திட்டாங்க, நீ மிட்டாய்க்கு அழறியேப்பா.”

“பேரை மாத்தினாங்க. மண்ணும் தண்ணியும் அதேதானே?” என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “இவங்க பேரை அப்படியே வெச்சுக்கிட்டு, உள்ள இருந்ததை எடுத்துட்டாங்க.”

ஒரு துண்டை உடைத்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். “ஸ்வாமி, நீங்க நெய் விக்கறவர். நெய் பாக்கற மாதிரி பாருங்க.”

அவர் புறங்கையில் தேய்த்தார். மோந்தார். மறுபடி தேய்த்தார். “என்னப்பா இது?” என்று கம்பெனி ஆளைப் பார்த்தார்.

“எனக்கு என்ன தெரியும்? நான் ஆர்டர் எடுக்கறவன்” என்று அவர் பையைக் கட்ட ஆரம்பித்தார்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். “அப்ப அந்த ஏழாவது படிக்கற பையன், சார்?”

“அவனும் நான்தான்.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கம்பெனி எதையும் மாற்றவில்லை. நான் அதை அப்புறம் வாங்கவில்லை. ஒர்க்ஷாப்பில் இன்றுவரை என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பார்க்கிறேன். சம்பள நாள் சாயங்காலம், கூட்டம் நிறைந்திருக்கும்போதே, அந்தக் கடைப் பலகையில் வைத்து கம்பெனிக்கு ஒரு தபால் கார்டு எழுதுகிறேன். கடைக்காரர் பேனா தருகிறார். “மக்களிகா சார்?” என்று இப்போதும் கண்ணடிப்பார். “அல்ல, நனகே” என்று எல்லார் காதிலும் விழச் சொல்கிறேன். எனக்குத்தான்.

கார்டின் முதல் வரியை மட்டும் நான் மாற்றுவதில்லை: “ஐயா, எனக்கு நாற்பத்தெட்டு வயது. எனக்குக் குழந்தைகள் இல்லை. எனக்கு சாக்லேட் பிடிக்கும்.”