இன்னும் பத்து வோல்ட்

கோளாறு பெட்டியில்தான் இருக்கிறது என்று நம்புகிறவர்களை வைத்துத்தான் நம் ரிப்பேர் தொழில் ஓடுகிறது. பனியன் கம்பெனி ராமசாமி ஐயாவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோதும், என் மேஜைமேல் அவருடைய பெட்டி இருந்தது. இன்னும் பத்து வோல்ட் ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். அன்று நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

குண்டு பல்பு

ஐயாவின் பெட்டி ஒரு பவர் கண்டிஷனர்; அதாவது, வீட்டுக்கு வரும் கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரே அளவில் கொடுக்கும் பெட்டி. திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகள் எல்லாம் நின்றுவிடும்; எங்கள் பக்கம் கரண்ட் எகிறும். ஐயா நாதஸ்வரம் கேட்பதும் அன்றைக்குத்தான். அப்படித்தான் முதல் தடவை பெட்டி புகைந்தது.

சரிசெய்து, உள்ளே இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி 230 வோல்ட்டில் நிறுத்தினேன். பளு இல்லாமல் சும்மா அளந்தால் எந்தப் பெட்டியும் நல்ல பிள்ளையாகத்தான் காட்டும் என்பது உங்களுக்கும் தெரியும். பளுவுக்கு நான்கு குண்டு பல்புகளை எரியவிட்டு, மறுபடி அளந்து காட்டினேன். ஐயா குனிந்து தானே பார்த்தார். "மிசினோட்டி வளர்ந்த ஆளுங்க நானு. மீட்டரு காட்டுனா சரின்னு ஒத்துக்குவேன்."

திரும்பி வந்த பெட்டி

ஒத்துக்கொண்டவர் அடுத்த வாரமே வந்தார். பாட்டு எங்கோ தூரத்தில் கேட்கிறதாம், பத்து வோல்ட் ஏற்ற வேண்டுமாம். வோல்ட்டேஜை ஏற்றினால் சத்தம் கூடாது, ஆம்ப்ளிஃபையர்தான் வேகும் என்று சொல்லி அனுப்பினேன். திரும்பவும் வந்தார். நான் மேஜைப் பக்கம் குனிந்து பேசினால் பதில் வராது. நிமிர்ந்து பேசினால் வரும். எனக்கு அது உறைக்கவில்லை.

அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். "அவருக்குக் காது போச்சுங்க, உங்க வாயப் பாத்துத்தான் பதில் சொல்றாரு. தறி ஓடுன ஊட்ல பொறந்தவ நானு, எங்கப்பனும் இப்படித்தான்."

அவர் வீட்டு ஹால்

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. ஐயா ஸ்பீக்கரை ஒட்டி நாற்காலி போட்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நான் பாட்டு செட்டை அணைத்ததும் பேச்சு காதில் விழுந்தது. பக்கத்து சோபாவில் அவருடைய மகனும் ஒரு புரோக்கரும் ஷெட்டை விற்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐயா முதன்முதலில் மெஷின் போட்ட ஷெட். மெஷின்களோடு சேர்த்தா, தனியாகவா என்பதுதான் பேச்சு. அவர் முன்னாலேயே, குரலைக்கூடத் தணிக்காமல். ஐயா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் மகனிடம், பெட்டியில் ஒன்றுமில்லை, காது டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். "காது மிசினெல்லாம் எதுக்குங்க? இப்பத்தான் ஊட்ல நாலு வார்த்தை நிம்மதியாப் பேச முடியுது."

கடைசித் தடவை

பிறகு என் மனைவி தவறிவிட்டாள். கொஞ்ச நாள் கடையைத் திறக்கவில்லை. திறந்ததும் ஐயா பெட்டியோடு வந்தார், மகனும் கூடவே வந்தார். சும்மா திருகுவதுபோலத் திருகி, ஏற்றியாச்சு என்று சொல்லிவிடச் சொன்னார் மகன். தகப்பனார் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

நான் பல்புகளை எரியவிட்டு, மீட்டரை ஐயா பக்கம் திருப்பி வைத்தேன். 230. அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னேன்: பெட்டி சரியாக இருக்கிறது, காது டாக்டரைப் பாருங்கள். ஐயா மீட்டரை வெகுநேரம் பார்த்தார். மகன் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஐயா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "ஷெட்டை வித்துப்போட்டாங்கங்க, அவங்க பேசறப்பவே தெரியும். பாட்டாச்சும் கேக்கட்டுமேன்னுதான் ஏத்தச் சொன்னேன்."

பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். டாக்டரிடம் யாரும் கூட்டிப்போகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் இறந்துபோனார்.

பெட்டியைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. பல்பை மாட்டினால் இன்றைக்கும் 230 காட்டுகிறது.