கோட்டூர் ஆற்றங்கரையில் வாடிய கிர்ணிக்கொடிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மாசி மாதம். வருஷா வருஷம் லஸ் முனையில் எனக்குக் கிர்ணிப்பழம் விற்கும் நீலவேணி, நான் கல்லூரியில் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் சொல்கிறவன் என்று தெரிந்து வழிமறித்தாள். "கொடிங்க வாடிக்கினே கீது சாமி. தண்ணி ஊத்தி ஊத்திக் கை ஓய்ஞ்சிபோச்சு. ஒருவாட்டி வந்து பாரு."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மயிலாப்பூர்க் குளத்தடியில் ஜட்கா பிடித்தேன். அடையாற்றுப் பாலம்வரை இரண்டு மைல், நாலணா.

"ஆத்தோரம் இன்னா வேலை சாமி?"

"கிர்ணிக்கு வைத்தியம்" என்றேன். வண்டிக்காரர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குதிரையோடு பேசப் போய்விட்டார்.

பாலத்திலிருந்து கோட்டூர்ப் பக்கம் ஆற்றோரமாக நீலவேணியின் நிலத்துக்கு ஒன்றரை மைல் நடை. விடிகாலையில் போனதற்குக் காரணம் உண்டு. உச்சி வெயிலில் நல்ல கொடியும் துவளும். காலையிலும் நிமிராததுதான் நோயாளி. நிலத்தின் மேல்பாதியில் பல கொடிகள் அப்படித்தான் கிடந்தன, இலைகள் மஞ்சளித்து. ஒரு தண்டைப் பேனாக்கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே பழுப்புக் கோடுகள்.

"பூஞ்சணம். மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறித் தண்ணீர் போகும் நரம்பையே அடைத்துவிடும். மருந்து கிடையாது. வாடியதைப் பிடுங்கிக் கொளுத்தணும். இந்த மண்ணில் ஓடுகிற தண்ணீர் கீழ்ப்பாதிக்குப் போகக்கூடாது."

நீலவேணியின் புருஷன் முனுசாமி குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பிஞ்சுக்கும் அடியில் வைக்கோல் பரப்பி வைத்திருந்தவர் அவர்தான். "பிஞ்சு வுட்டுக்கினு கீது. எப்டி சாமி புடுங்கறது?"

நீலவேணி மண்வெட்டியை அவர் பக்கம் நீட்டினாள். "நீ போய் வாய்க்காலை அடைய்யா. இத்த நான் பாத்துக்கறேன்."

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணை அள்ளிப் போட்டார். அவள் பிஞ்சோடு பிடுங்கினாள். ஒரு மணி நேரம் கழித்து அவரே வந்து அவள் தலையிலிருந்த சுமையை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு எரிக்கும் இடத்துக்கு நடந்தார்.

கீழ்ப்பாதியில் பிறகு ஏழெட்டுக் கொடிகள்தான் போயின. பங்குனிக் கடைசியில் நீலவேணி கூடையோடு லஸ்ஸுக்கு வந்துவிட்டாள்.

இப்படி ஒரு நிலம் பார்க்கப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். நோய் மண்ணில் பட்ட கால்களையும் மண்வெட்டியையும் கழுவாமல் நல்ல பக்கம் போகாதீர்கள். அந்த நிலத்துப் பழத்தில் விதை எடுக்க வேண்டாம். அந்த இடத்தில் பல வருஷம் கிர்ணி போடாமல் கேழ்வரகு போடச் சொல்லுங்கள். பிடுங்கச் சொல்லும்போது மட்டும், கொடி வைத்தவர் முகத்தைப் பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டேன்.